பைண்டிங் மேசைக்கு வரும் வேதங்கள்

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பைண்டிங் கடையில், ஒரே மேசைக்குக் குர்ஆனும் வரும், பைபிளும் வரும், திருவாசகமும் வரும். எதையும் தரையில் வைப்பதில்லை. குர்ஆன் என்றால் எங்கள் கடையில் வேலை பார்க்கும் பாய், கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்துதான் பிரிப்பார். அதுவரை மெஷின் காத்திருக்கும், யாரும் முணுமுணுத்ததில்லை. வெட்டி விழும் ஓரத் துண்டுகளைக்கூடக் குப்பையில் போடாமல், மண்ணில் புதைக்கத் தனிப்பையில் எடுத்துப்போவார்.

பைபிளில் கவனம் வேறு. முன்பக்க வெற்றுத்தாளில் தாத்தா காலத்துப் பிறப்பு, கல்யாணத் தேதிகள் இருக்கும். கத்தியை விளிம்போடு நிறுத்தினால்தான் அவை தப்பும்.

எனக்கு மரியாதை என்றால் இந்தக் கவனம்தான்; பக்தி மட்டும் போதாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப்போன உ.வே.சா.வுக்கு, பழுதான சுவடிகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகத்தான் பதில் கிடைத்தது. பக்தியோடு செய்ததுதான். ஆனால் அதில் என்னென்ன நூல்கள் போயினவோ! நினைத்தாலே மனம் பதறுகிறது. நம் திருக்கோகர்ணத்தில் லட்சம் நூல்களுக்குமேல் சேர்த்துக் காத்த ஞானாலயா நூலகத்தின் கிருஷ்ணமூர்த்தி ஐயாவையும் டோரதி அம்மாவையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டில் செல்லரித்த தேவாரம் இருந்தால், ஆற்றில் விடுமுன் ஒரு பைண்டரிடம் காட்டுங்கள். முதுகு பிய்ந்திருந்தாலும் தைத்துவிடலாம்.