பாஸ்போர்ட் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்!

காலேஜில் கடைசி வருஷம் வந்துவிட்டால் ஒரு ஜுரம் வரும். டூர் ஜுரம்! கடைசி பெஞ்சில் மாநாடு கூடும். ‘மச்சி, தாய்லாந்துடா... தீவு தீவா போட்ல சுத்தலாம்’ என்பான் ஒருத்தன். ‘பாஸ்போர்ட் இருக்கா?’ என்று கேட்டால் கப்சிப். ‘சரி, அந்தமான்?’ கப்பலில் போகவே மூன்று நாள் ஆகும். விமானம் என்றால் அப்பாவின் முகம் கண்முன் வந்து நிற்கும். பேசிப் பேசி, கடைசியில் ஒரு சினிமா, நாலு பரோட்டாவோடு டூர் முடிந்துபோகும். உங்கள் கிளாஸிலும் இதே கதைதானே?

அப்படியென்றால் இந்த ரூட் உங்களுக்குத்தான். நான் நெல்லிக்குப்பத்துக்காரன். கரும்பு லாரி, சர்க்கரை ஆலை, சீஸன் வந்தால் ஊர் முழுக்க வீசும் வெல்லப்பாகு வாசனை... இதுதான் எங்க ஊர். கடல் கிடையாது. ஆனால், சுமார் 12 கிலோமீட்டரில் கடலூர். அங்கிருந்து 45 கிலோமீட்டர் சொச்சத்தில் சிதம்பரம். காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்புவதற்குள் தீவுகளைப் பார்த்துவிடலாம். சத்தியமாக!

முதல் ஸ்டாப், கடலூர் ஓ.டி. விடியற்காலையில் போங்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் சூடாக இருக்கும். நடுவில் நின்று போட்டோ எடுத்தால் திட்டு நிச்சயம், ஓரமாக நில்லுங்கள். உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி என்று மீனவர் ஊர்கள். முன்னால் கடல், பின்னால் ஆறு, நடுவில் ஒரு மணல் திட்டு. அதன் மேல் வீடு, கோயில், வலை, கிரிக்கெட் ஆடும் பசங்க. தீவில் வாழ்வது என்றால் என்ன என்பதற்கு இது டிரெய்லர்.

நேரம் இருந்தால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சையும் எட்டிப் பாருங்கள். பக்கத்தில்தான் 1690ல் ஆங்கிலேயர்கள் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இன்றைக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம் இடிபாடுதான். பீச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, ஜூனியர்களிடம் அலட்டிக்கொள்ளலாம்.

அடுத்து சிதம்பரம் பஸ். இறங்கியதும் இட்லிக்கு கத்திரிக்காய் கொத்சு சாப்பிடாமல் நகரக் கூடாது, அது ஊர் மரியாதை! அங்கிருந்து கிள்ளை வழியாக சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம்.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் காடு. உள்ளே சின்னதும் பெரியதுமாக 51 தீவுகள் என்று கணக்கு சொல்வார்கள். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ (1975) தொடங்கி கமலின் ‘தசாவதாரம்’ (2008) வரை இங்கே ஷூட்டிங் நடந்திருக்கிறது. 2022ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. அதாவது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற சர்டிஃபிகேட்.

சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் மோட்டார் போட், துடுப்புப் படகு இரண்டும் உண்டு. துடுப்பையே எடுங்கள். மோட்டார் அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலையில் இடிக்கிற சந்துபொந்துக்குள் எல்லாம் நுழையும். உள்ளே போனதும் செல்போனைப் பையில் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம், எங்கேயோ ஒரு மீன்கொத்தி... அவ்வளவுதான்.

இப்போ கொஞ்சம் பாட்டனி. பயப்படாதீங்க, பரீட்சை இல்லை! விழுதை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் நிற்பது சுரபுன்னை. அதன் விதை, தாய் மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீளமாகத் தொங்கி, அப்புறம்தான் கீழே விழும். சேற்றில் பென்சில் பென்சிலாக வேரை வெளியே நீட்டி மூச்சு விடுவது வெண்கண்டல். அதன் இலையைத் தொட்டு நாக்கில் வையுங்கள், கரிக்கும். உள்ளே போன உப்பை இலை வழியாகத் துப்பிவிடுகிற மரம் அது. ஆனால், எல்லா இலையையும் இப்படி நக்கிப் பார்க்காதீர்கள். இங்கே தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்ததே இந்த மரம்தான். பெயர் ஊரில் இருக்கிறது, மரத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். பிடித்த இறாலைப் போட, பனை ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அது அவர்களுடைய ஆபீஸ்.

கடல் பக்கம் படகு போக அனுமதி கிடைத்தால், எம்.ஜி.ஆர். திட்டு வரை போய்ப் பாருங்கள். காட்டைத் தாண்டிக் கடலோரம் ஒரு மணல் தீவு. ஆள் இல்லாத பீச், வெள்ளை அலை... நாம் காலண்டரில் பார்த்த தாய்லாந்தேதான். நானும் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

‘இங்க ஒரு ஊரு இருந்துச்சு தம்பி’ என்றார் படகுக்கார அண்ணன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தத் திட்டுக்கு முன்னால் காடு கிடையாது, நேராகக் கடல்தான். சுனாமி ஊரையே வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் கரைப் பக்கம் குடியேறினார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்றைக்கு இறந்தவர்கள் 600க்கும் மேல்.

அதே காலையில், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. 2005ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இந்தக் கரையைத்தான் எடுத்துக்கொண்டது. மரம் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்றது. கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு மேடு என்பதும் காரணம் என்று வேறு சிலர் வாதாடினார்கள். ‘அதெல்லாம் படிச்சவங்க பேசட்டும், எங்களுக்கு இது அலையாத்தி’ என்றார் அண்ணன். அலையை ஆத்துகிற காடு. டீக்கடையில் சூடு தணிய டீ ஆத்துகிற மாதிரி!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் காடு தானாகவே இப்படி நின்றுவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை கூறு கூறாக வெட்டினார்கள். வெட்டின இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, மரமே முளைக்காத பொட்டலானது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும், ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓத நீர் உள்ளே வந்து போகத் தொடங்கியது, நட்ட கன்று பிழைத்தது. அந்த மரங்களுக்கு நடுவில்தான் இன்றைக்கு நாம் செல்ஃபி எடுக்கிறோம்.

‘நீ அப்போ பொறந்துட்டியா தம்பி?’ என்று எங்களோடு வந்த கல்லூரிப் பையனிடம் கேட்டார் அண்ணன். அவன் இல்லையென்று தலையாட்டினான். திரும்பி வரும்போது படகில் பாட்டு போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பத்திரமாகப் பைக்குள் போனது.

அதனால், கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், சேறு பட்டால் கவலைப்படாத செருப்பு, இவ்வளவு போதும். மழை மாதத்தில் போவதானால் வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் படகில் ஏறிவிடுங்கள். முடிந்தால் படகுக்காரரோடு கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். எந்தத் திட்டு எந்த ஊராக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்தமான் எங்கேயும் ஓடிவிடாது. வேலை கிடைத்து, முதல் சம்பளம் வாங்கிப் போய்க்கொள்ளலாம். எங்களோடு வந்த அந்தப் பையன் இப்போது கடைசி பெஞ்ச் மாநாட்டில் புது ஐட்டம் ஒன்று போட்டிருக்கிறானாம்: ‘டிசம்பர் 26க்கு பிச்சாவரம் போறோம். யார் யார் வர்றீங்க?’