நாலு சக்கரமும் இழுக்கும், நிறுத்துவது எது?

மாலையில் மழை பிடித்துக்கொண்டால், வானொலியில் எனக்குப் பாட்டைவிடச் சாலை நிலவரம் சொல்லும் வேலைதான் அதிகம். காராக் நெடுஞ்சாலையில் நெரிசல், தாப்பா அருகே விபத்து என்று நேயர்கள் அழைத்தபடியே இருப்பார்கள். அதனால்தான், 'ஆல் வீல் டிரைவ்' கார் வாங்கிய என் அத்தான், "இனி மழைக்குப் பயமில்லை, நாலு சக்கரமும் ரோட்டைப் பிடிச்சுக்கும்" என்றபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளி விடுமுறையில் அந்தக் காரில் கேமரன் மலைக்குப் போகப்போவது என் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அல்லவா!

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இன்ஜினின் சக்தி முன்சக்கரங்களுக்கு மட்டுமே போகும். ஆல் வீல் டிரைவில் நான்கு சக்கரங்களுக்கும் போகும். இவ்வகைக் கார்கள் பலவற்றில் சாதாரண நேரத்தில் முன்சக்கரங்களே இழுக்கும். அவை வழுக்கத் தொடங்கினால் கிளட்ச் ஒன்று இறுகி, சக்தியில் ஒரு பங்கைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பும். ஈரமான ஏற்றத்தில் காரைக் கிளப்பும்போதும் சேற்றிலிருந்து வெளியே எடுக்கும்போதும் இதன் அருமை தெரியும்.

"அப்போ நான் சொன்னது சரிதானே?" என்றார் அத்தான்.

"ஏறுறதுக்குச் சரி அத்தான். நிறுத்துறதுக்கு?" என்றேன்.

பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. ஆல் வீல் டிரைவ் இருப்பதால் ஈரச் சாலையில் கார் சீக்கிரம் நின்றுவிடாது. நிறுத்துவதும் வளைவில் காரைத் தாங்குவதும் டயரின் பிடிப்புதான். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சக்கரம் சுழன்று வழுக்காமல் கார் சுலபமாக வேகமெடுப்பதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுநருக்குத் தெரியாது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் கார் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு, 80-இல் வரும் காரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். எனவே மழையில் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வாகனத்துடன் இடைவெளியைக் கூட்டுங்கள். தேங்கிய நீரில் கார் மிதப்பதுபோல் இருந்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள்; எண்ணெய் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்காது.

பயணத்துக்கு முன் டயர் பள்ளங்களைப் பாருங்கள். அவற்றுக்குள் இருக்கும் சிறு மேடுகளின் மட்டத்துக்கு ரப்பர் தேய்ந்திருந்தால், ஆழம் 1.6 மில்லிமீட்டராகிவிட்டது என்று பொருள். அதுவரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவது நல்லது. ஆல் வீல் டிரைவில் நான்கு டயர்களும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிளட்சும் கியர்களும் கெடும். நான்கையும் சேர்த்து மாற்றச் செலவு அதிகம்தான். கார் வாங்கும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.