ஓக்லாவுக்கு ராவல்பிண்டி வழி

பாகிஸ்தான் பத்திரிகைகளை இணையத்தில் மேய்வது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றில் டெங்குச் செய்திகள் வரத் தொடங்கும். ராவல்பிண்டியில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று எழுதும்போது ஒரு பெயர் அடிக்கடி வரும்: ஹோலி ஃபேமிலி. தில்லிவாசிகள் யாருக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் ஓக்லாதான் நினைவுக்கு வரும். ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னாலே கொண்டுபோய் இறக்கிவிடும் கத்தோலிக்க ஆஸ்பத்திரி அது. எல்லைக்கு இரு புறமும் ஒரே பெயர் எப்படி வந்தது? தேட உட்கார்ந்தால் பாட்னாவில் ஒன்று, ராஞ்சிக்கு அருகே மாண்டரில் ஒன்று என்று அதே பெயர் கிளம்பிக்கொண்டே வந்தது.

ஓக்லாவில் இருப்பது 1953-இல் தொடங்கியது. அன்று ஓக்லா தில்லியே அல்ல. யமுனைக் கரையில் ஒரு கிராமம். 1874-இல் திறந்த ஆக்ரா கால்வாய் கிளம்பும் அணைக்கட்டு. 1935-இல் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய ஜாமியா. அதைத் தாண்டினால் வயல்கள். ஆனால் நகரம் வீங்கிக்கொண்டிருந்தது. 1941-இல் சுமார் 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, பிரிவினை அகதிகள் வந்து சேர்ந்தபின் 1951-இல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எய்ம்ஸ் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த நேரத்தில், ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரி கட்ட வந்தவர்கள் ‘மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ்’ என்ற சபையின் கன்னியர்.

இவர்களுடைய வேரைப் பிடித்துப் போனால் ராவல்பிண்டி வருகிறது. அங்கே அவர்களுக்கு முன்பே வேறொரு ஆஸ்பத்திரி இருந்தது. செயின்ட் கேத்தரின்ஸ் என்று பெயர், 1909-இல் பெண்களுக்காகத் திறந்தது. அதைத் திறக்க வைத்தவர் ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரி.

இந்த அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1837-இல் எடின்பரோவில் பிறந்தவர். அப்பா நாடாளுமன்ற உறுப்பினர். எடின்பரோ பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர மறுத்த காலம் என்பதால் பிரான்சின் மோன்பெலியேவுக்குப் போய் 1878-இல் டாக்டரானார். பெண்கள் வாக்குரிமைக்காகவும் உழைத்தார். அறுபதைத் தாண்டியபின் கத்தோலிக்கரானார். எழுபதைத் தாண்டியபின் ராவல்பிண்டிக்குக் கப்பல் ஏறினார். வட இந்தியாவில் பர்தாவுக்குள் இருந்த பெண்கள், ஆண் டாக்டர் நாடி பிடிப்பதைக் காட்டிலும் செத்துப்போவதே மேல் என்று இருந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-இல் எதற்காக வந்ததோ, அதே காரணம்தான்.

தீர்வு சுலபமாகத் தெரிந்தது. பெண் டாக்டர் வேண்டும். உயிருள்ளவரை அங்கேயே இருக்கிறவளாக வேண்டும். அப்படியானால் கன்னியரையே டாக்டராக்கிவிடலாம். ஆனால் ரோமாபுரியின் சட்டம் குறுக்கே நின்றது. குருமார் கத்தி வைத்து அறுவை செய்யலாகாது என்று 1215-இன் லாத்தரன் சங்கம் சொன்னதிலிருந்தே திருநிலையினருக்கும் மருத்துவத் தொழிலுக்கும் நடுவே சுவர் எழுந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் பிரசவம் பார்க்கக் கூடாது. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டலாம், புண்ணைக் கழுவலாம். தலை திரும்பாத பிள்ளையோடு ஒருத்தி கதறினால் விலகி நிற்க வேண்டும். மெக்லாரன் ரோமாபுரிக்குப் பலமுறை போய் மனுக் கொடுத்தார். பதில் கிடைக்காமலே 1913-இல் இறந்தார்.

அவர் விட்டுப்போனதை இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மேரி குளோரி, மெல்போர்னில் நல்ல பெயரோடு இருந்த டாக்டர். 1915-இல் மெக்லாரனைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றைப் படித்தவர், 1920-இல் குண்டூர் வந்து கன்னியானார். மருத்துவம் பார்க்க அவருக்குப் போப்பாண்டவரின் தனி அனுமதி கிடைத்தது. 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே சங்கமாகச் சேர்த்தவரும் அவரே. இன்னொருவர் ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் 1892-இல் பிறந்த அன்னா டெங்கல். மெக்லாரனோடு கடிதத் தொடர்பு மட்டுமே, நேரில் பார்த்ததில்லை. அவர் காட்டிய வழியில் அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் முடித்து, 1920-இல் செயின்ட் கேத்தரின்ஸுக்கு வந்தார்.

சில ஆண்டுகளில் டெங்கல் களைத்துப்போனார். ஒற்றை ஆளாக வேலை செய்தால் யாருக்கும் அப்படித்தான். அவர் அதிலிருந்து எடுத்த முடிவுதான் எனக்குப் பிடித்தது. இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை; படித்த டாக்டர்களும் நர்சுகளும் ஒரு கூட்டமாக வேண்டும் என்று நினைத்தார். 1925 செப்டம்பர் 30 அன்று வாஷிங்டனில் நான்கு பெண்கள் சேர்ந்து சபையைத் தொடங்கினார்கள்: இரண்டு டாக்டர்கள், இரண்டு நர்சுகள். சட்டச் சிக்கலுக்கு ஒரு கெட்டிக்கார வழியும் கண்டுபிடித்தார்கள். பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்காமல், கன்னியரைப் போலவே வாழ்வது. வார்த்தைப்பாடு இல்லையென்றால் தடையும் இல்லை! ரோமாபுரி 1936 பிப்ரவரியில்தான் இறங்கி வந்தது. கன்னியர் மருத்துவமும் பிரசவமும் பார்க்கலாம் என்ற அறிவுரை அப்போது வெளியாயிற்று. மெக்லாரன் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தச் சபை ராவல்பிண்டியில் தொடங்கியதுதான் முதல் ஹோலி ஃபேமிலி. பாட்னா ஹோலி ஃபேமிலிக்கு 1948-இல் லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியேறிய ஒரு கன்னியர் நர்சிங் கற்றுக்கொள்ள வந்தார். ஏழைகளைப் போலவே சோறும் உப்பும் மட்டும் தின்று வாழப்போவதாகச் சொன்னவரை, அங்கிருந்த சிஸ்டர்கள் அதட்டாத குறையாகத் தடுத்தார்கள்: நோயாளிகளைக் கவனிக்கிறவள் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். வந்தவர் அன்னை தெரசா. தியாகத்தையும் ஒரு டாக்டரின் கண்ணால் பார்க்கிற அந்தப் புத்தி டெங்கலிடமிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

மதம் பரப்பும் நோக்கம் இல்லவே இல்லை என்று சாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சபையின் பெயரிலேயே மிஷன் இருக்கிறது. இவர்கள் தங்கள் காலத்தின் மனிதர்கள். ஆனால் ராவல்பிண்டியின் முஸ்லிம் பெண்கள் வந்தது ஞானஸ்நானத்துக்கு அல்ல, பிரசவத்துக்கு. ஓக்லாவைச் சுற்றி இன்று இருப்பதும் பெரும்பாலும் முஸ்லிம் குடியிருப்புகள்தாம். 2019 டிசம்பரில் ஜாமியா வளாகத்துக்குள் போலீஸ் நுழைந்த இரவில், அடிபட்ட மாணவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடங்களில் ஹோலி ஃபேமிலியும் ஒன்று.

செல்வாக்குள்ளவர்களும் அங்கே போகாமல் இல்லை. 1970 ஜூன் 19 அன்று ராகுல் காந்தி பிறந்தது அங்கேதான். அவருடைய குடியுரிமையைப் பற்றி 2019 தேர்தலின்போது சர்ச்சை கிளம்பியதும், அந்தப் பிரசவத்தின்போது பயிற்சி நர்சாக இருந்ததாக வயநாட்டிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் முன்வந்து சொன்னார். தில்லி ஆஸ்பத்திரிகளில் சேச்சிகளுக்குத் தெரியாத சரித்திரம் உண்டா என்ன.

‘தர்ம ஆஸ்பத்திரி என்றால் பில் எதற்கு?’ என்று ஓக்லாவில் முணுமுணுப்பவர்கள் உண்டு. இலவசம் ஏழைக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பரம்பரையில் முதலில் கேட்கப்பட்ட தானம் பணம் அல்ல, பட்டம். கைதேர்ந்த டாக்டர் ஒருத்தி பாமரப் பெண்ணின் கட்டிலருகே இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பின்னாட்களில் இந்தச் சிஸ்டர்கள் தாங்கள் கட்டிய பெரிய ஆஸ்பத்திரிகளைக் கைமாற்றிவிட்டுக் கிராமங்களின் சமூக நலவாழ்வுப் பணிக்குத் திரும்பியதும் இதோடு பொருந்துகிறது. ராவல்பிண்டியிலுள்ளது பஞ்சாப் மாகாண அரசிடம் போயிற்று. ஓக்லாவிலுள்ளது தில்லி உயர்மறைமாவட்டத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது.

தேடலில் நான் எதிர்பாராத ஒன்று கடைசியில் கிடைத்தது. செயின்ட் கேத்தரின்ஸில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கன்னியர் எஃப்.எம்.எம். சபையினர். அந்தச் சபையின் பிறப்பிடம் ரோமோ பாரீசோ அல்ல, நம் ஊட்டி. எலேன் தெ ஷப்போத்தேன் என்ற பிரெஞ்சுக் கன்னியர் 1865-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். தூத்துக்குடி, திருச்சி, அடைக்கலாபுரம் மடங்கள் மூன்றுக்கும் தலைவியானார். மிஷனுக்குள் பூசல் முற்றியதும் ஒரு பகுதிக் கன்னியர் பிரிந்து ஊட்டிக்குப் போனார்கள். 1877 ஜனவரியில் போப்பாண்டவர் அவர்களைத் தனிச் சபையாக ஏற்றார். ஆக, மெக்லாரன் ராவல்பிண்டியில் நம்பிக் கைகோத்த பெண்களின் கதை தூத்துக்குடிக் கடற்கரையில் தொடங்குகிறது.

அந்தப் பூசல் எதைப் பற்றியது, யார் பக்கம் நியாயம் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மதுரை மிஷனின் பழைய கடிதங்களுக்கு யேசுசபையின் செண்பகனூர் ஆவணக் காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும். அங்கே போவதற்கு முன் பிரெஞ்சு தெரிந்த யாரையாவது பிடித்தாக வேண்டும்.