அக்காவின் பாட்டு நோட்டு

போன மாதம் அரியலூருக்குப் போயிருந்தேன். அக்காவின் பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய ஒரு நோட்டை என் மடியில் போட்டாள்.

"ஞாபகம் இருக்காடி?" என்றாள். மறக்கக்கூடியதா அது!

1976-ஆம் வருஷம். நான் பெரம்பலூரில் ஒன்பதாம் வகுப்பு. அக்கா பதினொன்றாவது முடித்துவிட்டு, 'பொட்டப் புள்ளைக்கு இது போதும்' என்று வீட்டோடு இருந்தாள். எங்கள் வீட்டில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு. அது அப்பாவின் சொத்து! அந்த நாளில் ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும்.

"செய்தி கேக்கத்தான் பணம் கட்டறேன். கண்ட பாட்டும் கேக்க இல்லே" என்பார் அப்பா.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடிப்போம். எல்லோருக்கும் அது 'சிலோன்'தான். காலையில் 'பொங்கும் பூம்புனல்' வரும். கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சும், பி.எச். அப்துல் ஹமீதின் அழகான உச்சரிப்பும் எங்களுக்கு அத்துப்படி. நான் வாசலில் காவல். அக்கா உள்ளே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பாள். ஒரே தடவையில் முழுப் பாட்டையும் எழுதிவிட முடியுமா, என்ன? இன்றைக்குப் பல்லவி கிடைத்தால், சரணத்துக்கு மறுபடி அந்தப் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். காதில் விழாத வார்த்தைக்கு இடம் விட்டு வைப்பாள்.

அந்த வருஷம் மே மாதம்தான் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவுக்கு முதல் படம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலெல்லாம் அந்தப் பாட்டுதான். நாற்று நடுகிறவர்கள் பாடுகிற மாதிரி, நம் ஊர் மெட்டு சினிமாவில் கேட்டதே என்று எங்களுக்கு ஒரே பெருமை! அடுத்த வருஷம் '16 வயதினிலே'. அதில் பாடியதற்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருதே கிடைத்தது. அக்காவுக்கு ஜானகி என்றால் உயிர். அம்மியில் அரைக்கிற சத்தத்தில் தன் குரலை மறைத்துக்கொண்டு பாடுவாள்.

ஒரு நாள் நோட்டு அப்பா கையில் சிக்கியது. "கல்யாணம் ஆகப்போற பொண்ணு எழுதற எழுத்தா இது?" என்று பரண்மேல் வீசிவிட்டார். அக்கா அழவில்லை. அதோடு பாடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஆவணியிலேயே அரியலூரில் வாழ்க்கைப்பட்டாள். மறு வருஷம் எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் கொண்டுபோய் விட்டு வந்தோம். ஒரே மாதத்தில் மாமாவிடமிருந்து கடிதம்: 'உங்கள் பெண் யாரோடும் பேசுவதில்லை. சாப்பாடும் தூக்கமும் இல்லை. குழந்தையைக் கையில் வாங்கவே பயப்படுகிறாள்.'

காற்று, கருப்பு என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள். அம்மா பேசாமல் மஞ்சள் பையை எடுத்தாள். எனக்கு லீவு, நானும் கூடக் கிளம்பினேன். வாசல் தாண்டும்போது அப்பா பரணிலிருந்து இறங்கி வந்தார். கையில் தூசி தட்டிய நோட்டு, டிரான்சிஸ்டர், புது பேட்டரிக் கட்டைகள்.

"அங்கேயும் சிலோன் எடுக்குமில்லே?" என்று மட்டும் கேட்டார்.

அரியலூரில் அம்மா செய்த முதல் காரியம், "ராத்திரி புள்ளைய நான் பாத்துக்கறேன். நீ தூங்கு கண்ணு" என்று சொன்னதுதான். இரண்டாவது, ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனது. அந்த அம்மாள் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அக்காவிடம் வெகுநேரம் பேசினார், மருந்தும் கொடுத்தார். பகலில் டிரான்சிஸ்டர் தலைமாட்டில் பாடிக்கொண்டிருக்கும். பல நாள் அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் ஜானகி பாட்டு ஒன்று பாதியில் கொரகொரவென்று இரைச்சலாகிவிட்டது. மீதி அடியை யாரோ மெல்ல முணுமுணுத்தார்கள். திரும்பிப் பார்த்தால், தூளியை ஆட்டிக்கொண்டே அக்கா! அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பாட்டு குணப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன். தூக்கமும், மருந்தும், பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் கிடைத்ததால் தேறினாள். தேறிவிட்டாள் என்று எங்களுக்குச் சொன்னதுதான் பாட்டு.

பிள்ளை பெற்றவளுக்கு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் அந்த வாட்டம் போகவில்லையென்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பிடிவாதமுமல்ல, பேயுமல்ல. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று ஒரு தாய் சொன்னால், ஒரு நிமிஷமும் அவளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பேத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன ஆயா, நடுவுல நடுவுல காலியா விட்டிருக்க?" என்றாள். செல்போனில் தேடி, காதில் வைத்துக் கேட்டு, விட்டுப்போன வார்த்தை ஒன்றை அவளே எழுதினாள். அதற்குள் குழந்தை சிணுங்கியது.

"அப்புறம் எழுதலாம்டி. இப்படிக் கொடு, நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு" என்று அக்கா கையை நீட்டினாள்.

அம்மாவின் அதே குரல்!