இடது காலின் குற்றம்



ஐம்பது வயதைக் கடந்த பின் மோட்டார் சைக்கிளில் கிளை ஊர்களுக்குப் போய்வருவது முதுகெலும்புக்கு ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால், 2024 டிசம்பரில் பழைய மாருதி 800 வண்டியொன்றை வாங்கினோம். விற்றவர் நமது பங்கைச் சேர்ந்தவர்; பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்து, பிள்ளைகள் வண்டியோட்டக் கூடாது என்று தடுத்ததால் விற்க முன்வந்தார். வண்டி 2009ஆம் ஆண்டினது. 1983 டிசம்பர் 14 அன்று டில்லியில் முதல் வண்டியின் சாவி கைமாறியது முதல் 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை, நடுத்தரக் குடும்பங்களின் கனவாக இருந்த வண்டி அல்லவா அது! அன்று குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த நாம், அதன் முன்னிருக்கையில் நம்மை வைத்துப் பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

சாவியைக் கொடுத்த நாளன்று பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். டயர், பேட்டரி, ஸ்டெப்னி, இன்னும் என்னென்னவோ. நாம் "சரி, சரி" என்று தலையசைத்தோம். மாலைத் திருப்பலிக்கு மணியடித்துவிட்டது. நமது கவனம் அங்கே இருந்தது.

ஜனவரி முடியுமட்டும் குறையொன்றும் இல்லை. பிப்ரவரியில் ஒருநாள் செல்லூர் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது இயந்திரம் உறுமுகிறது, வண்டியோ ஏறவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் நம்மை வாழ்த்திய வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. நமது இளைஞர் குழுவில் வண்டி ஓட்டத் தெரிந்த தம்பி ஒருவர், முன்மூடியைத் திறந்து, கிளச் கேபிளின் திருகு ஒன்றை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். பாலம் ஏறியது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த வாரமே வேறு வியாதி தொடங்கிற்று. முதல் கியர் விழ மறுத்தது. இரண்டாவதுக்கு மாற்றும்போதெல்லாம் கரகரவென்ற சத்தம், காது கூசும். பின்கியரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆலய வளாகத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தால் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நகரில் ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கியர் பாக்ஸ் போச்சு ஃபாதர், இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்கும் என்றும் ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த வார்த்தை நமது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 2024 அக்டோபர் இறுதியில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து, தண்ணீர் தெருக்களிலும் வீடுகளிலும் புகுந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். பெரியவரின் வீடும் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அவர் வண்டியை விற்றதோ டிசம்பரில். அக்டோபரில் வெள்ளம், டிசம்பரில் விற்பனை, பிப்ரவரியில் கோளாறு! ஒன்றின் பின்னே வந்தது என்பதாலேயே அதனால் வந்தது என்று முடிவு கட்டலாகாது என்பது குருமடத்தில் தத்துவ இயலின் முதலாண்டிலேயே நமக்குச் சொல்லித்தந்த பாடம். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம்.

2025 மார்ச் 28, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதை முடிந்து நாம் உணவுக்கு அமர்ந்தபோது, வடக்கேயுள்ள கிளை ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பாட்டியம்மா ஒருவர் சாகக் கிடக்கிறார். சாமி உடனே வர வேண்டும். நற்கருணையையும் நோயில்பூசுதல் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். குலமங்கலம் சாலையில் நகரின் விளக்குகள் பின்தங்கிய இடத்தில், கியர் மாற்ற மிதித்த கிளச் "டப்" என்ற ஓசையோடு தரையோடு தரையாகப் போய்விட்டது. இயந்திரம் குலுங்கி நின்றது. மீண்டும் முடுக்கினால், கியரைத் தொட்டவுடனே அலறுகிறது. கால்மணி நேரம் போராடினோம். பிறகு வண்டியை ஓரமாகத் தள்ளி விட்டுவிட்டு நடந்தோம். நெடுநேரம் கழித்துப் பால்காரர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

நாம் போய்ச் சேர்ந்தபோது பாட்டியம்மாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். இருபது நிமிடம் ஆகியிருந்ததாம். மகள் நம்மைக் குறை சொல்லவில்லை. "சாமி வருவாரு, வருவாருன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். இறந்தோருக்கான மன்றாட்டைச் சொன்னோம். எண்ணெய்ச் சிமிழ் திறக்கப்படாமலே நமது பையில் இருந்தது.

அந்தத் துயரத்தை நாம் தாங்கியிருக்கலாம். தாங்காமல் அதை ஒருவர் தலையில் இறக்கி வைக்கத் தேடினோம். ஞாயிறன்று, ஊதாரி மைந்தன் உவமையை விளக்கிக்கொண்டிருந்த நாம், அதற்குச் சற்றும் பொருந்தாத இடத்தில், கெட்ட பொருளை நல்லதென்று விற்றுக் காசாக்குகிறவர்கள் இந்த ஆலயத்திலும் இருக்கிறார்கள், அதனால் ஓர் ஆன்மா அருளடையாளம் இன்றிப் போயிற்று என்று சொன்னோம். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நாம் யாரிடம் வண்டி வாங்கினோம் என்பது பங்கு முழுவதும் அறிந்த செய்தி. மூன்றாம் வரிசையில் இருந்த பெரியவர் தலை குனிந்தார். அன்று அவர் நற்கருணை வாங்க வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, செல்லூரிலேயே சிறிய பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியை இழுத்து வந்தார். அவர் தகப்பனார் கைத்தறி நெய்தவர். செல்லூரின் தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் முதலில் செய்தது, இயந்திரத்தை முடுக்காமலே கியர் தண்டைப் பிடித்து அசைத்ததுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பின்கியர். யாவும் வெண்ணெயில் கத்தியாய் இறங்கின.

"இஞ்சின் ஓடாதப்ப எல்லாக் கியரும் விழுதா? அப்ப கியர் பாக்ஸ் நல்லாருக்கு சாமி. ஓடுறப்ப மட்டும் விழலேன்னா, கிளச்சு பிரியலேன்னு அர்த்தம்."

தொடர்ந்து, கியர் பெட்டியின் பக்கத்துத் திருகைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டு எண்ணெயைத் தொட்டுக் காட்டினார். தேன் நிறம். தண்ணீர் புகுந்திருந்தால் மோர் கலக்கியதுபோல் வெளுத்திருக்கும் என்றார். வெள்ளக் கதை அந்தச் சுண்டுவிரலில் முடிந்தது.

கிளச் எனப்படுவது இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள உறவு. மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் பொருந்தும். பிரிந்திருக்கும் கணத்தில்தான் பற்சக்கரங்கள் இடம் மாற முடியும். 1891இல் பிரான்சு நாட்டில் லெவசார் என்பவர் இத்தகைய கியர் முறையை மோட்டார் வண்டியில் அமைத்தபோது, சுழலும் பற்களை ஒன்றோடொன்று மோதவிட்டே மாற்ற வேண்டியிருந்தது. 1928இல் அமெரிக்காவில் காடிலாக் வண்டியில் வந்த ஏற்பாடுதான், மாறுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும் வளையத்தைக் கொண்டுவந்தது. ஆனால் கிளச் முழுமையாகப் பிரியாவிட்டால் அந்த வளையத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. நமது வண்டியில் கரகரத்தது இதனால்தான்.

"ஏன் பிரியவில்லை?" என்று கேட்டோம்.

அவர் நம்மை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். "சும்மா ஓட்டுற மாதிரி உக்காருங்க சாமி." உட்கார்ந்தோம். அவர் குனிந்து நமது காலைப் பார்த்தார். நாமும் பார்த்தோம். இடது கால், யாரும் சொல்லாமலே, கிளச் மிதியின் மேல் ஏறி அமர்ந்திருந்தது.

"இதான். எந்நேரமும் பாதி மிதிச்ச மாதிரியே இருந்தா பிளேட்டு வழுக்கித் தேயும். பாலத்துல ஏறாதது அதான். அந்தத் தம்பி கேபிளைத் தளத்துனதும் வழுக்கல் கொறஞ்சுச்சு, ஆனா பிரியுறது நின்னு போச்சு. கேபிளும் பழசு, சதா இழுத்துக்கிட்டே இருந்தா இழை இழையா அறுந்து ஒருநாள் போகும். எங்கப்பா தறியில மிதியை மிதிச்சு, உடனே காலை மாத்துவாரு. மிதிச்ச காலை அப்படியே வச்சிருந்தா பாவு என்னத்துக்கு ஆகும்?"

மோட்டார் சைக்கிளில் முப்பது ஆண்டு ஓட்டியும், காரில் இந்த ஒன்றை நமக்கு யாரும் சொல்லவில்லையே என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தார். நாம் கிளை ஊர்களுக்குக் கொண்டுபோகும் மாத இதழ்க் கட்டுகளை நகர்த்தி, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து உறை பிரிக்காத பொட்டலமொன்றை எடுத்தார். புதுக் கிளச் கேபிள். அதன்மேல் பெரியவரின் நடுங்கும் கையெழுத்து: "கிளச் கேபிள். பழசை மாற்றவும்."

சாவி வாங்கிய மாலை நினைவுக்கு வந்தது. ஸ்டெப்னிக்குப் பிறகு அவர் காட்டியது இதைத்தான். ஆலய மணியைக் கேட்டோமே தவிர அவரைக் கேட்கவில்லை.

"கேபிள் அறுந்தாலும் போயிருக்கலாம் சாமி," என்று மெக்கானிக் தன் போக்கில் தொடர்ந்தார். "இஞ்சினை அணைச்சு, முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டரே வண்டியை நகட்டிரும். அப்படியே ஊரு போய்ச் சேந்துரலாம்." நாம் விடை சொல்லவில்லை. அவருக்குப் பாட்டியம்மாவைப் பற்றித் தெரியாது.

கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குக் கியர் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். பழுதான பெட்டியென்று அல்ல, பின்னாலிருக்கும் கிளச்சை எட்டுவதற்கு வழி அதுவே. கேபிளுக்குக் காசு வாங்கவில்லை. எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது.

சனிக்கிழமை மாலை பெரியவர் வீட்டுக்குப் போனோம். மறுநாள் வாசிக்க வேண்டிய நற்செய்தி யோவான் எட்டாம் அதிகாரம், கல்லெறிய வந்தவர்களைப் பற்றியது. அதைப் பீடத்தில் வாசிக்கும் முன் இதை முடித்தாக வேண்டும் என்று நமக்கிருந்தது. அவர் மனைவி கதவைத் திறந்தார். "வாங்க சாமி" என்று சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. நாம் உட்காரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னோம், பொட்டலத்தின் உறையை மேசைமேல் வைத்தோம். பொதுவில் சொன்ன பழியைப் பொதுவிலேயே எடுப்போம் என்றோம்.

பெரியவர் உறையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாந்தான் சாமி, விக்கிறதுக்கு முன்னாடியே மாட்டிக் குடுத்திருக்கணும்" என்றார். அவர் மனைவி, "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அவரை அடக்கினார். அந்த அம்மையார் கோபித்தது சரியே.

மறுநாள் பீடத்திலிருந்து சொன்னோம். கால் நடுங்கிற்று.

பாஸ்கா முடிந்த வாரத்தில், பாட்டியம்மாவின் முப்பதாம் நாள் திருப்பலிக்குப் போக வேண்டியிருந்தது. ஊர் போய்வரத் துணைக்குப் பெரியவரை அழைத்தோம். வருவாரோ என்ற ஐயத்தோடுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். குலமங்கலம் சாலையில் வண்டி ஓசையின்றிப் போயிற்று. அன்று நின்ற இடம் வந்ததும் நாம் காட்டவில்லை; அவரும் கேட்கவில்லை. சிறிது தூரம் சென்றதும், சாலையைப் பார்த்தபடியே அவர் மெதுவாகச் சொன்னார்:

"சாமி, காலு."

எடுத்துக்கொண்டோம்.