மூன்று பம்பை

முண்டியம்பாக்கம்

அன்புப் பேத்திக்கு,

 

ஹம்பி போய்வந்த உன் சிநேகிதி எடுத்த பம்பா சரோவரப் படத்தை எனக்கு அனுப்பி, "இதுவும் நம்மூர்ப் பம்பையும் ஒன்றா தாத்தா?" என்று கேட்டிருந்தாய். பம்பை என்றால் அங்காளம்மன் திருவிழாவில் அடிக்கிற மேளம் என்று மட்டும் தெரிந்திருந்த பிள்ளை நீ. கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

அந்தக் குளம் கர்நாடகத்தில் ஆனேகுந்திக்குப் பக்கத்தில், துங்கபத்திரையின் வடகரையில் இருக்கிறது. மானசம், பிந்து, நாராயணம், புஷ்கரம், பம்பை என்று ஐந்து புனிதப் பொய்கைகளைச் சொல்வார்கள். சபரி ராமனுக்காகக் காத்திருந்தது பம்பைக் கரையில்தான். சீதையைத் தேடிவந்த ராமன் அங்கே பூத்த தாமரைகளைப் பார்த்துக் கலங்குகிறான். கம்பர் கிட்கிந்தா காண்டத்தைப் பம்பைப் படலத்தில்தான் தொடங்குகிறார். துங்கபத்திரைக்கே பம்பை என்ற பழம்பெயர் உண்டு. ஹம்பி என்பதும் அதிலிருந்து வந்ததே. கேரளத்தில் சபரிமலை அடிவாரத்தில் ஓடுவதும் பம்பை. அங்கேயும் சபரி கதை உண்டு.

நம் பம்பை ஓர் ஆறு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி ரோட்டில் போனால் வரும் திருவாமாத்தூர், அதன் கரையில் உள்ள, தேவார மூவரும் பாடிய தலம். சுவாமி அபிராமேசுவரர். ராமன் வந்து வணங்கினான் என்கிறது தலபுராணம். குளம் வேறு, ஆறு வேறுதான். ஆனால் ராமன் கதை போன இடத்துக்கெல்லாம் பம்பை என்ற பேரும் கூடவே போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த ஆற்றுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. கண் இல்லாத ஒருவரும் கால் இல்லாத ஒருவருமான இரட்டைப்புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடினார்கள். கோயில் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை அவர்கள் மாற்றிப் பாடிவிட, கேட்டவர்கள் குறை சொன்னார்களாம். அன்றிரவே பெருமழை, ஆறு திசை மாறிப் பாட்டை மெய்யாக்கிவிட்டதாம்.

சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் நம்மூருக்கும் நடுவே ரயில்வே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது; ரயில்கள் நின்றன. அன்றிலிருந்து நான் சிரிப்பதில்லை.

அடுத்த முறை கார்த்திகையில் வா. கோடையில் வந்தால் பம்பையில் மணல்தான் இருக்கும்.

அன்புடன்,
தாத்தா