தெஹிவளைக் கரையில் ஒரு பழைய வில்லை

வெள்ளவத்தையை விட்டுத் தெற்கே செல்லும் புகையிரதம் அடுத்து நிற்குமிடம் தெஹிவளை. ஒருபுறம் ஊர், மறுபுறம் கடல். சென்ற ஞாயிறு மாலை, பாட்டனாரின் லைக்கா கமெராவுடன் அங்கு இறங்கினேன்.

முப்பதுகளில் செய்யப்பட்ட அதன் எல்மார் வில்லையைப் பொக்கிஷமெனக் கருதிப் பல்லாண்டுகள் தோற்பையிற் பூட்டி வைத்திருந்தோம். இருளும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, கண்ணாடியில் சிலந்தி வலைபோற் பூஞ்சணம் படர்ந்துவிட்டது! கைதேர்ந்த ஒருவர் கழற்றித் துடைத்துத் தந்தார்; ஆயினும் மெல்லிய வடு எஞ்சியது.

கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டும் லைக்காவைக் கையாண்டவரே. 1938இல் இலண்டனில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1944இல் அவர் மறைந்தபின் மூலச் சுருள்கள் அழிந்தன. அவர் அச்சிட்டு வைத்த படங்களாலேயே இன்று அவர் கலையை அறிகிறோம். பயன்படுத்தியதே நிலைத்தது!

கரையில் வள்ளமொன்று கிடந்தது. தூரமானியின் சிறு கண்ணில் அது இரண்டாய்த் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகும்வரை வில்லையைத் திருப்பி, விசையை அழுத்தினேன். மேற்பூச்சில்லாத அக்காலக் கண்ணாடி எதிர்வெயிலிற் கூசும். ஆதலால் சூரியனுக்கு முதுகு காட்டியே நின்றேன்.

படம் கழுவி வந்தது. வடுவின் சுவடு அதிற் சிறிதும் இல்லை. வாசகர்களே, உங்கள் அலுமாரியிலும் ஒரு கமெரா உறங்குகின்றதா? இன்றே வெளிச்சத்திற்குக் கொண்டு வாருங்கள்.